மாப்பிள்ளை போட்டோவில் நாலு கேபிள்

ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாத வேலைகள் சில உண்டு. ஊர்த் தண்ணீர்த் தொட்டி வழியாமல் பார்த்துக்கொள்வது அதில் ஒன்று. என் வேலை இன்னொன்று. தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் கையிலாவது ஒரு ஸ்பேனர் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும். எனக்கு அதுவும் கிடையாது. ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, ஒரு திரை, பக்கத்தில் ஒரு டப்பா முறுக்கு. இந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சம்பளம் எதற்கு என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். எனக்கே பல சாயங்காலங்களில் தோன்றியிருக்கிறது.

ஜவ்வாது மலைமேல், காவலூர் போகிற வழியில் இருந்த ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். பெயர்ப் பதிவு, மருந்தகம், லேப், எக்ஸ்ரே என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு கம்ப்யூட்டர் ஓடுவதுபோல் வெளியே தெரியும். உண்மையில் இருந்தது இரண்டே சர்வர் பெட்டிகள். அவற்றுக்குள் இந்த நாலும் விர்ச்சுவல் மெஷின்களாக, அதாவது பெட்டிக்குள் பெட்டியாக, குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. குடித்தனங்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் (அதாவது மலைவாசிகளின் பெயர், வியாதி, ரத்தம், எலும்பு எல்லாம்) ஸ்டோரேஜ் என்கிற மூன்றாவது பெட்டியில் இருந்தன. அந்த ஸ்டோரேஜுக்குக் கண்ட்ரோலர் என்ற பெயரில் மேலே ஒரு மூளை, கீழே ஒரு மூளை. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் மேல் மூளைக்கு ஒரு கேபிள் போகும், கீழ் மூளைக்கு ஒரு கேபிள் போகும். ஒரு மூளை படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. கெடுப்பதற்குத்தான் படிக்க வேண்டும்.

அந்த வயதில் எனக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, மலையிலேயே என்னை விட்டால் இந்தப் பெட்டிகளைத் தொட ஆள் கிடையாது என்பது. இரண்டாவது, என் கை பட்ட இடம் அழகாக இருக்கும் என்பது. முதலாவது உண்மைதான், போட்டிக்கு ஆள் இல்லாததால். இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆயுத பூஜை அன்று ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பிரிவு லீவு. எல்லாரும் அவரவர் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்தார்கள். எக்ஸ்ரே அறைக்காரர் மெஷினுக்கு ஒரு துளசி மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் புத்திசாலி. நான் அப்படி விடுவேனா? சர்வர்களை முறைப்படி அணைத்தேன். பெட்டிகள் அடுக்கியிருந்த ரேக்கை இழுத்து நடுவில் வைத்தேன். பின்பக்கம் போனால், நாலு கேபிளும் ஒன்றுக்கொன்று குறுக்கே போய் ஒரே அலங்கோலம். பெட்டிகளைப் பொருத்திவிட்டுப் போன கம்பெனி ஆள் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் செருகியிருக்கிறான் என்று தீர்ப்புச் சொன்னேன். நாலையும் பிடுங்கினேன், ஈரத்துணியால் துடைத்தேன். முதல் சர்வரின் இரண்டு கேபிளையும் மேல் மூளையில் ஜோடியாகச் செருகினேன். இரண்டாவது சர்வரின் இரண்டையும் கீழ் மூளையில் ஜோடியாகச் செருகினேன். குறுக்கே எதுவும் ஓடவில்லை. எண்ணெய் தடவி வாரி விட்ட தலை மாதிரி வழவழவென்று இருந்தது.

(ஒரு மூளை படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்த ஏற்பாட்டை ஈரத்துணியோடு சேர்த்துத் துடைத்து எடுத்துவிட்டேன். இது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய மாசி மாதம் ஆயிற்று.)

அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் மல்லிகைச் சரம் சுற்றினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், பொரிகடலை படைத்தேன். பெயர்ப் பதிவில் இருந்த செல்வியைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னேன். ரேக்கின் பின்பக்கம், ஒரு கை இடுப்பில், மறு கை கேபிள்களைக் காட்டியபடி, நானே கண்டுபிடித்ததுபோல ஒரு சிரிப்பு. போட்டோ எடுத்ததும் ரேக்கைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டேன். பின்னால் ஒரு பல்லி போகக்கூட இடம் இல்லை. அறை விசாலமாகத் தெரிந்தது.

அந்தச் சமயம் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். ஆகவே அம்மா ஜாதகத்தோடு இந்த ஆயுத பூஜை போட்டோவைத்தான் செங்கத்துக்கு அனுப்பினாள். “வேலையும் தெரியும், பக்தியும் தெரியும்” என்பது அவள் கணக்கு.

செங்கத்தில் பெண்ணின் பெயர் சங்கீதா. போய்ப் பார்த்தேன், பேசினேன், அங்கேயே விழுந்தேன். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (காரணம் இன்றுவரை விசாரணையில் இருக்கிறது). தடையாக இருந்தது அவள் அப்பா ஏழுமலை. செங்கத்தில் புளி, மணிலாக்கொட்டை மண்டி வைத்திருப்பவர். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர். அன்று என்னையும் குத்திப் பார்த்தார்.

“தம்பி இன்னா வேல பாக்கறீங்க?”

“ஸ்டோரேஜ் மேனேஜ் பண்றேன் மாமா.” (அவர் என்னைத் தம்பி என்றார். நான் அவரை முதல் நாளே மாமா என்றேன். என் அவசரம் அப்படி.)

“ஸ்டோரேஜுன்னா? குடோனா?”

“ஒரு விதத்துல குடோன்தான் மாமா. டேட்டா குடோன்.”

“அதுல மூட்டை ஏத்தறது எறக்கறதெல்லாம் யாரு?”

“ஆளே வேணாம் மாமா, அதுவே ஏத்திக்கும்.”

“எலி வருமா?”

“வராது.”

“அப்ப நீங்க இன்னாத்துக்கு?”

நான் வாயைத் திறந்தேன். சங்கீதாவின் அம்மா கேசரித் தட்டை நீட்டிக் காப்பாற்றினார்.

இரண்டு நாள் கழித்து சங்கீதா போன் செய்தாள். “அப்பாவுக்கு ஒங்க மேல ஒரு கொறயும் இல்ல. வேல மேலதான் டவுட்டு. ‘ஏ.சி. ரூம்ல சொம்மா குந்திகினு கீறவனுக்கு எவன் எத்தன நாளைக்கு சம்பளம் குடுப்பான்’ன்றாரு. புதன்கிழம நேர்ல வந்து பாக்கறாராம். நம்பிக்க வரலன்னா போளூர் ரைஸ்மில்காரங்க வூட்டுக்கு சரின்னு சொல்லிடுவாரு. ஏதாவது பண்ணுங்க, ஆனா ஓவரா பண்ணாதீங்க.”

கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை. ரைஸ்மில் மட்டும் விழுந்தது. எனக்கு அவளை விட்டுக்கொடுக்க மனமே இல்லை.

ஏழுமலை வரும்போது நான் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். என்ன செய்வது? எல்லாமே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் இடைஞ்சல். அப்போதுதான் ஞாபகம் வந்தது, ஸ்டோரேஜ் கம்பெனி புது சாஃப்ட்வேர் அனுப்பியிருந்தது. அதை ஏற்றும்போது மேல் மூளை கொஞ்ச நேரம் தூங்கும். கீழ் மூளை எல்லா வேலையையும் பார்க்கும். பிறகு மேலது எழுந்ததும் கீழது தூங்கும். ஆஸ்பத்திரி ஒரு வினாடிகூட நிற்காது. பார்க்கிறவருக்கு எப்படி இருக்கும்? ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுவது மாதிரி இருக்கும் அல்லவா!

இந்த மாதிரி வேலைகளை நோயாளிகள் எல்லாம் போன பிறகு, சாயங்காலத்துக்கு மேல்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதி அறைக் கதவில் ஒட்டியவனே நான்தான். ஆனால் ஏழுமலை நல்ல நேரம் பார்த்துக் காலையில் வருகிறார், ராகு காலத்துக்குள் மலை இறங்க வேண்டும். ஆகவே புதன்கிழமை, வெளிநோயாளிகள் கூட்டம் நிரம்பி வழிகிற முற்பகலில், ஆஸ்பத்திரியின் மூளைகளைத் தூங்க வைக்க முடிவு செய்தேன். உத்தமமான நேரம். பஞ்சாங்கத்துக்கு மட்டும்.

ஏழுமலை வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு பை சாத்துக்குடி. ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வரக்கூடாதாம். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடமே கொடுத்தார். அப்போது என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

“ஒக்காருங்க மாமா. நல்ல நாள்ல வந்தீங்க. இன்னிக்கு ஒரு பெரிய ஆபரேஷன்.”

“நீங்களா பண்றீங்க? டாக்டரு இல்ல?”

“இதுக்கு நாந்தான் மாமா டாக்டர்.” (இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அறையலாம்போல இருக்கிறது.)

ரேக்கின் முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். “இப்ப மேல் மூளை தூங்கப்போவுது. வெளிய நூறு பேர் ஒக்காந்துகினு இருக்காங்க. ஒருத்தருக்கும் தெரியாது. அதான் மாமா என் வேல. நான் பண்றது ஒருத்தருக்கும் தெரியாது!”

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தருக்கும் தெரியாத வேலை என்பதுதான் அவருடைய சந்தேகமே என்பது எனக்கு உறைக்கவில்லை.

அப்கிரேடு தொடங்குவதற்கு முன்னால் அந்த சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்தது. திரையில் இரண்டு மஞ்சள் முக்கோணங்கள் வந்து நின்றன. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அன்று படித்திருந்தால், ‘இந்த சர்வருக்கு ஒரு மூளையோடுதான் தொடர்பு இருக்கிறது, அது தூங்கினால் இதன் கதி என்ன?’ என்று அது கிட்டத்தட்டக் கெஞ்சுவது புரிந்திருக்கும்.

“இன்னா தம்பி, மஞ்சளா ஏதோ காட்டுது?”

“மஞ்சள்னா மங்களகரம் மாமா,” என்றேன். சொல்லிவிட்டு என் நகைச்சுவைக்கு நானே சிரித்து, ‘பரவாயில்லை, தொடரவும்’ என்கிற பொத்தானை அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் என் வாழ்க்கையின் பொற்காலம். “பாத்தீங்களா மாமா?” என்றேன். அப்போது கதவு திறந்தது.

செல்வி. “அண்ணா, பேரு போட மாட்டேங்குது.”

“ரிஃப்ரெஷ் பண்ணு.”

“பண்ணேண்ணா. இப்ப ரிஃப்ரெஷ்ஷே ஆவ மாட்டேங்குது. மருந்து குடுக்கற எடத்துலயும் நின்னுடுச்சாம்.”

திரையைப் பார்த்தேன். பதிவு சாம்பல் நிறமாகியிருந்தது. மருந்தகமும் சாம்பல். முதல் சர்வரில் இருந்த இரண்டு குடித்தனமும் சாமான்களைக் காணாமல் நடுத்தெருவில் நின்றன. “நெட்டு ஸ்லோவா இருக்கும்,” என்றேன். செல்வி என்னையே பார்த்தாள். “இல்லன்னா கரண்ட் ப்ராப்ளம்,” என்றேன்.

ஏழுமலை மேலே பார்த்தார். “கரண்ட் கீதே தம்பி. டியூப்லைட் எரியுது.”

அப்கிரேடை நிறுத்தப் பொத்தானைத் தேடினேன். பாதி வழியில் நிறுத்தப் பொத்தான் கிடையாது. பாதி வழியில் நிறுத்துகிற மாதிரி ஆள் இதைத் தொடுவான் என்று செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். மேல் மூளை சாவகாசமாக எழுந்தது. அது எழுந்தால் சாம்பல் போய்விடும் என்று சாமியைக் கும்பிட்டேன். போகவில்லை. அதற்குள் கீழ் மூளை தூங்கப் போனது. லேப் சாம்பல். எக்ஸ்ரே சாம்பல். நாலு குடித்தனமும் போயின. கடைசியில் திரையில் ஒரு பச்சை டிக் பளிச்சென்று வந்தது, அப்கிரேடு வெற்றிகரமாக முடிந்ததாம். அந்தப் பச்சையைப் போல ஒரு திமிர் பிடித்த நிறத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வெளியே சத்தம் கிளம்பியது. அன்று புதூர்நாடு பக்கத்திலிருந்து ஜீப்பில் ஒரு கூட்டமே வந்திருந்தது. அந்த ஜீப் கிளம்பிவிட்டால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. மாவுக்கட்டுப் போட வேண்டிய கையோடு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். “ஏம்ப்பா, எலும்பு படம் புடிச்சாங்களே, அது எங்க? டாக்டரு கேக்கறாரு.”

“வந்துடும்மா. உள்ள இருக்குது. வெளிய வரல.”

“எங்கையி உள்ள இருக்குதா?” என்று அந்த அம்மா தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஏழுமலை எழுந்தார். “நீங்க பாருங்க தம்பி. நான் வெளிய இன்னான்னு பாத்துட்டு வர்றேன்.” போய்விட்டார். அவ்வளவுதான், நேராக பஸ் ஏறி போளூருக்கு போன் போடப்போகிறார் என்று நினைத்தேன். பார்க்காமல் நாற்காலியில் இருந்த சாத்துக்குடிப் பையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. மண்டியில் ஏலம் கூவிப் பழகின குரல். “காய்ச்சலு எல்லாம் இந்தப் பக்கம்! கை காலு அந்தப் பக்கம்! பல்லு திண்ணமேல குந்து! யாரும்மா அது, கொயந்தய வெச்சிகினு நிக்கறது, முன்னாடி வா!” செல்வி ஓடி வந்து சொன்னாள், அவர் மேஜைமேல் ஏறாத குறையாக நின்று ஹாலை மூட்டை அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்று. டாக்டர்கள் காகிதத்தில் எழுத ஆரம்பித்திருந்தார்கள். எதற்கு நிற்கிறோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏழுமலை ஒரே பதில் சொன்னாராம்: “உள்ள ஒரு தம்பி மூளைய தூங்க வெச்சிட்டாரு. எழுப்பினு கீறாரு.”

நான் ஸ்டோரேஜ் கம்பெனியின் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். நித்யா என்று ஒரு பெண் எடுத்தார். அழுகிற நிலைமையில் இருப்பவன் தணிந்து பேச வேண்டுமா இல்லையா? நான் எகிறினேன்.

“மேடம், என்ன சாஃப்ட்வேர் குடுக்கறீங்க? ஒரு ஆஸ்பத்திரியே நின்னு போச்சு! நான் எல்லாம் கரெக்டா பண்ணேன்.”

“சரி சார். திரையில என்ன இருக்கு?”

“பச்சை டிக்.”

“அப்ப ஸ்டோரேஜ் நல்லா இருக்கு சார். ரெண்டு கண்ட்ரோலரும் மாத்தி மாத்திதான் ரீஸ்டார்ட் ஆகும். சர்வர்ல இருந்து ரெண்டு பக்கமும் கேபிள் இருந்தா தொடர்பு போகவே போகாதே?”

“ரெண்டு பக்கமும் இருக்கு மேடம். என் கையால போட்டது.” அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறுமை போயிற்று. சர்வரின் திரையில் டிஸ்க்கைப் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒரு இடம் இருந்தது. அதை அழுத்தினேன். இந்த டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்று அது மரியாதையாகக் கேட்டது. சுத்தமாகத் துடைப்பது எனக்குப் பிடித்த வேலை. “மேடம், துடைக்கட்டுமான்னு கேக்குது, ஆமான்னு குடுக்கவா?” என்றேன்.

“கைய எடுங்க சார்!”

அவ்வளவு நேரம் மெதுவாகப் பேசிய பெண் போட்ட சத்தத்தில் நாற்காலி பின்னால் உருண்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. சரியாக அந்த நேரம் உள்ளே வந்த ஏழுமலையும் அதைக் கேட்டார்.

“மௌஸ்ல இருந்து கைய எடுங்க. அதைக் குடுத்தா ஆஸ்பத்திரில இருக்கற அத்தனை பேரோட ரெக்கார்டும் போயிடும். திரும்ப வராது. கைய மடியில வைங்க சார். வெச்சிட்டீங்களா?”

“வெச்சிட்டேன்,” என்றேன். உண்மையிலேயே வைத்திருந்தேன். அந்த அம்மாவின் கை எலும்பு, குழந்தைகளின் ஊசிக் கணக்கு, எத்தனை பேர் ரத்தம், எல்லாவற்றையும் ஒரு சொடுக்கில் துடைக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ரேக்கோட பின்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க சார்.”

பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. போனை நுழைத்துப் பார்த்தேன், என் விரல்கூட நுழையவில்லை. “எடுக்க முடியல மேடம். எடம் இல்ல.”

“பின்பக்கம் போட்டோதான?” என்றார் ஏழுமலை. “எங்கிட்ட கீதே.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவருடைய போனில் இருந்தது என் மாப்பிள்ளை போட்டோ. அவரே நித்யாவின் எண்ணைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அனுப்பியும் வைத்துவிட்டார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. கைதான் மடியில் இருந்ததே.

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“சார்… மேல மல்லிப்பூ சுத்தியிருக்கற கேபிள் ரெண்டும் ஒரே சர்வருக்கா போகுது?”

“ஆமா.”

“ரெண்டும் மேல் கண்ட்ரோலர்லயே இருக்கே சார். கீழ இருக்கற ரெண்டும் இன்னொரு சர்வருக்கா? அப்ப ஒண்ணு தூங்குனா ஒரு சர்வருக்கு வழியே இல்லையே. நாங்க குறுக்க குறுக்கல்ல போட்டுக் குடுத்திருப்போம்? யார் சார் இப்படி மாத்தினது?”

மானம் போகிற நேரத்தில் மனிதன் என்ன செய்வான்? பொய் சொல்வான். “முன்னாடி இருந்தவர் பண்ணியிருப்பார் மேடம்.”

“அப்படியா சார். போட்டோல இடுப்புல கை வெச்சிகிட்டு கேபிளைக் காட்டறது யாரு?”

நான் பதில் சொல்வதற்குள் ஏழுமலை போன் பக்கம் குனிந்தார். “அது மாப்பிள்ளைன்னு சொல்லி எங்க வூட்டுக்குக் குடுத்த போட்டோம்மா.”

இந்தத் தடவை நித்யா செருமவில்லை. வாய்விட்டே சிரித்தார். பாவம், எத்தனை நாள் அடக்கிய சிரிப்போ. செல்வியும் கதவோரம் நின்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் நித்யா ஒவ்வொரு படியாகச் சொல்ல ஆரம்பித்தார். மேல் மூளை எழுந்துவிட்டாலும், சாமான் இருந்த வழி ஒரு தடவை மறைந்துவிட்டதால் சர்வர் இன்னும் நம்ப மறுக்கிறதாம். கேபிளைச் சரியாக மாற்றிவிட்டு, ஒவ்வொரு சர்வராக அணைத்துப் போட வேண்டுமாம். “நான் சொல்றதை மட்டும் செய்யுங்க சார். சொல்லாததை எதையும் செய்யாதீங்க.”

ரேக்கை இழுக்க ஆள் வேண்டும். ஏழுமலை ஹாலுக்குப் போய், பல்வலிக்கு வந்த ஒருவரையும் சொறிக்கு மருந்து வாங்க வந்த ஒருவரையும் கூட்டிவந்தார். மூன்று பேருமாக என் விசாலமான அறையைக் குறுகலாக்கினார்கள். பின்னால் மல்லிகைச் சரம் காய்ந்து சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமம் இணைப்புத் துளைகளின் ஓரத்தில் அப்பியிருந்தது. நான் மண்டியிட்டு, ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு கேபிளை மேலே, ஒன்றைக் கீழே என்று பழையபடி குறுக்கே போட்டேன். முதல் சர்வரை அணைத்து எழுப்பினேன். நித்யா சொன்னபடி டிஸ்க்குகளை மறுபடி தேடச் சொன்னேன். திரையில் முதல் சாம்பல் வரி மெல்ல நிறம் மாறியது. பதிவு வந்தது. மருந்தகம் வந்தது. அடுத்த சர்வரில் லேப் வந்தது. எக்ஸ்ரே மட்டும் கடைசிவரை என்னைப் பழிவாங்கிவிட்டுத்தான் வந்தது. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை. நான் செல்வி முன்னால், சொறிக்காரர் முன்னால், வருங்கால மாமனார் முன்னால் அழுதேன். வெட்கமே படவில்லை.

“ஏம்ப்பா, எங்கையி வந்துச்சா?” என்று வாசலில் கேட்டது.

“வந்துடுச்சிம்மா!” என்று ஏழுமலை பதில் சொன்னார். “ஜீப்பும் நிக்குது, பதட்டப்படாத. புளி மூட்ட வெலை பேசி முடிக்கறவரைக்கும் நகரக்கூடாதுன்னு டிரைவராண்ட சொல்லிக்கீறேன்.”

அப்போதுதான் விவரம் தெரிந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் புளிக்காரர்கள். மரம் உலுக்கும் காலம் அது. என் மானம் போய்க்கொண்டிருந்த அந்த இடைவெளியில் அவருக்கு அந்த வருடப் புளி முழுவதற்கும் விலை படிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து போனை வைத்தேன். இனி இவரிடம் என்ன பேசுவது? ஒன்றும் இல்லை. என் வேலையை நேரில் பார்க்க வந்தார், நன்றாகவே பார்த்துவிட்டார். முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ரேக்கின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கேபிளும் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. ஒன்று வளைந்து, ஒன்று முறுக்கி, பார்க்கவே சகிக்கவில்லை. இதை லேசாக ஒதுக்கிவிட்டால் என்ன? கேபிளைப் பிடுங்க வேண்டாம், ஒரு ஓரமாகச் சேர்த்து… என் கை தானாக நீண்டது.

“கைய எடுங்க மாப்ள!”

கையை எடுத்தேன். ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவர் என்ன சொல்லி என்னைக் கூப்பிட்டார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. செல்விக்கு முன்னாடியே புரிந்துவிட்டது. அவள்தான் நசுங்கிய சாத்துக்குடிகளில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எப்படிச் சம்மதித்தார் என்று அன்று சாயங்காலம் சங்கீதாவைக் கேட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா சொன்னதாக அவள் அப்படியே ஒப்பித்தாள்: “வேல நெஜம்தாம்மா. சொம்மா குந்திகினு கீறவன் கைய வெச்சா இன்னா நிக்கும்? ஒண்ணும் நிக்காது. இவரு கைய வெச்சாரு, மலையே நின்னுபோச்சு. ஒருத்தருக்கும் தெரியாதுன்னாரு, புதூர்நாடு வரைக்கும் தெரிஞ்சிபோச்சு. இப்பேர்ப்பட்டவரு தெனமும் கைய வெக்காம குந்திகினு கீறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க. குடுக்கட்டும்.”

ஆஸ்பத்திரி நிர்வாகமும் ஏறக்குறைய இதே கருத்தைக் கொஞ்சம் கடுமையான தமிழில் எனக்கு எழுதிக் கொடுத்தது. வைகாசியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் ஒயர் சம்பந்தப்பட்ட எதன் பக்கமும் நான் போகாமல் பார்த்துக்கொள்ள மச்சான் ஒருவன் தனியாக நியமிக்கப்பட்டிருந்தான்.

அந்த மாப்பிள்ளை போட்டோ இன்று செங்கம் மண்டியில் சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு அடுத்த வரிசையில் மாட்டியிருக்கிறது. புளி கொண்டுவருகிறவர்கள் அது யார் என்று கேட்டால் மாமா உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து முழுக்கதையும் சொல்கிறார். வருடத்துக்கு வருடம் வெளியே காத்திருந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மண்டியில் எல்லாரும் ஏதாவது வேலை செய்வார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி, ஒரு தட்டு சுண்டல். போன வருடம் ஆச்சரியமாக மாமாவே சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “இத்தன வருஷம் ஆச்சி. எலக்ட்ரானிக் தராசுக்கு நீங்களே பொட்டு வைங்க மாப்ள.” கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் விரலில் சந்தனத்தை எடுத்தேன். பக்கத்தில் தராசின் ஒயர் சுவரிலிருந்து கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவ்வளவுதான், சத்தியமாகப் பார்க்க மட்டும்தான் செய்தேன். மாமா, அத்தை, மச்சான், மூட்டைக்காரர்கள், நான் பெற்ற பெண், எல்லாருக்கும் முன்னால் சங்கீதா, ஒரே குரலில் கத்தினார்கள்:

“கைய எடுங்க!”